மார்கழிப் பனி... கொட்டகையை முழுவதுமாக மூடலாமா?

“சுமைக் குதிரை ஒன்றும் செம்மறி ஆடுகள் 15-ம் உள்ளன. சென்ற மார்கழி உறைபனியில் 3 குட்டிகள் இறந்துவிட்டன. இந்த ஆண்டு கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி மூடிவிடலாமா? கொள்ளு கூடுதலாகக் கொடுத்தால் உடம்பில் சூடு நிற்குமா?”

- வாசகர், கொடைக்கானல் மேல்மலை.

முழுவதுமாக மூட வேண்டாம். வளர்ந்த ஆட்டையும் குதிரையையும் வெறும் குளிர் எளிதில் சாய்த்துவிடாது. ஈரம், காற்று, காலி வயிறு ஆகிய மூன்றும் குளிரோடு சேரும்போதுதான் ஆபத்து. உலர்ந்த ரோமம் இடையே காற்றைப் பிடித்துவைத்து உடல் சூட்டைக் காக்கும். நனைந்து படிந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கொட்டகை: காற்று வீசும் பக்கத்தில் மட்டும், ஆடு நிற்கும் உயரத்துக்கு மேல்வரை தார்ப்பாய் கட்டுங்கள். கூரையை ஒட்டி ஓர் அடியாவது திறந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் மூடினால் மூத்திர வாடையும் ஈரக்காற்றும் உள்ளேயே தங்கி, நுரையீரல் அழற்சி வரும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். தரையில் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்பி, நனைந்ததை அன்றாடம் மாற்றுங்கள்.

தீவனம்: சூடு தருவது கொள்ளு அல்ல, உலர்தீவனம்தான். நார்த்தீவனம் வயிற்றிலும் குடலிலும் நொதிக்கும்போது நெடுநேரம் வெப்பம் உண்டாகிறது. ஆகவே, மாலையில் கொட்டகைக்குள் உலர்புல் நிறைய போடுங்கள். 250 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு சுமார் 5 கிலோ தேவை. மேய முடியாத நாளில் 30 கிலோ ஆட்டுக்கு சுமார் 1 கிலோ வேண்டும். கொள்ளைத் திடீரெனக் கூட்டினால் குதிரைக்கு வயிற்றுவலியும், ஆட்டுக்கு வயிற்றில் அமிலக் கோளாறும் வரும். கூட்டுவதானால் 10 நாள்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வெயில் ஏறி, புல்லில் பனி உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள். ஈரப்புல்லின் நுனியில்தான் குடற்புழுக்களின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும்.

தண்ணீர்: பனிபோல் குளிர்ந்த நீரைக் குதிரை குறைவாகவே குடிக்கும். உலர்தீவனம் தின்று நீர் குடிக்காவிட்டால் குடலில் சாணம் இறுகி, உயிருக்கே ஆபத்தாகும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீர் வையுங்கள்.

சுமை இறக்கிய பின்: வியர்த்த குதிரையைக் காற்றில் கட்டாதீர்கள். சிறிது தூரம் மெதுவாக நடத்தி, காய்ந்த சாக்கினால் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்துவது, போர்த்தாமல் விடுவதைவிடக் கெடுதல்.

குட்டிகள்: பிறந்த குட்டிக்குத்தான் குளிர் எமன். ஈரத்தோடு பிறக்கிறது, உடம்பில் கொழுப்பும் குறைவு. உடனே துடைத்து உலர்த்தி, 2 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். 3 கிலோ குட்டிக்கு முதல் வேளைக்கு 150 மில்லி போதும். குட்டியின் வாய்க்குள் விரல் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஆபத்து. தலை தூக்க முடியாத குட்டிக்கு வாயில் பால் ஊற்றினால் புரையேறிவிடும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை: கம்பளி கத்தரிப்பதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். துள்ளுமாரி, நீலநாக்கு நோய்களுக்கான தடுப்பூசி பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். கம்பளி மூடியிருப்பதால் ஆடு மெலிந்தது கண்ணுக்குத் தெரியாது. 15 நாள்களுக்கு ஒருமுறை முதுகெலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால், குறிப்பாகச் சினை ஆடாக இருந்தால், தனியே கட்டித் தீவனம் கொடுங்கள். மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் உள்ளது. அங்கே இதே குளிரில் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள். கொட்டகை அமைப்பதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்து வாருங்கள்.