ஒரு கிலோ முக்காலியும் கச்சான் காற்றும்

விடுமுறைக்கு ஊர் வருகின்ற உறவுப் பிள்ளைகளின் பயணப்பைகளில் சில காலமாக ஒரு பொருளைத் தவறாமல் காண்கிறேன். தண்ணீர்ப் போத்தலைவிடச் சற்றே நீளமான கறுப்புத் துணியுறை; அதற்குள் சுருண்டு கிடக்கும் ஒரு கமரா முக்காலி. "ஒரு கிலோகூட வராது சித்தப்பா, தூக்கிப் பாருங்கோ" என்று பெருமையோடு நீட்டுவார்கள். தூக்கிப் பார்த்தால் இலேசாகத்தான் இருக்கும். மறுநாள் விடியுமுன்னர் அதையும் எடுத்துக்கொண்டு கோணேசர் கோயில் மலைக்குப் போவார்கள். மாலையில் மடிக்கணினித் திரையில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த முகங்கள் வாடுவதையும் நான் அருகிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. "லென்ஸில் ஏதோ கோளாறு போல" என்பார்கள். லென்ஸ் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு இலேசான முக்காலி வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்புமில்லை. எனக்கும் முழங்கால்கள் உண்டு. அவையும் முதுமை அடைந்துகொண்டுதான் இருக்கின்றன. எதை வெட்டி எடையைக் குறைப்பது என்பதில்தான் வழக்கு. உயரத்தை வெட்டுங்கள், காலின் பருமனை வெட்டாதீர்கள் என்கிறேன் நான். சந்தையோ நேர்மாறாகச் செய்கிறது. ஆளுயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு கால்களை ஈர்க்குக் குச்சியாக்கி, ஐந்து அடுக்குகளாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, போதாத உயரத்துக்கு நடுத்தண்டு ஒன்றை மேலே இழுத்துவிட்டு, அதற்குப் 'பயண முக்காலி' என்று பெயர் சூட்டி விற்கிறது. அப்படியான பலவற்றில் கடைசி அடுக்கை இழுத்துப் பாருங்கள். உங்கள் சட்டைப் பையிலுள்ள பேனையைவிடச் சற்றே தடித்திருக்கும், அவ்வளவுதான். கமராவின் முழுப் பாரமும் அந்தப் பேனை மூன்றின் மீது நிற்கிறது.

'8 கிலோ தாங்கும்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று கேட்பது நான் பிழைத்துவந்த தொழிலின் பழக்கம். முக்காலி செய்யும் நிறுவனங்கள் அனைத்தும் ஒப்புக்கொண்டு பின்பற்றுகின்ற பொது அளவுமுறை எதுவும் இத்துறையில் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் முறையில் அளந்து, தத்தம் எண்ணை அச்சடிக்கிறார்கள். அந்த எண் சொல்வதெல்லாம், அவ்வளவு பாரத்தை ஏற்றினாலும் கால் மடியாது, தலை வழுக்காது என்பதுதான். காற்றில் நடுங்குமா, கதவுத்திறப்பின் அதிர்வு அடங்க எத்தனை விநாடி ஆகும் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. மடியாமல் நிற்பதற்கும் அசையாமல் நிற்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைக் காற்றில் ஆடும் தென்னையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இதில் கணக்கும் இருக்கிறது, கடினமானதல்ல. சுவர்த்தடிப்பு ஒன்றாகவே இருக்கும் இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் விட்டம் 22 மில்லிமீற்றர், மற்றதன் விட்டம் 28 மில்லிமீற்றர். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் வளைந்துகொடுக்காத உறுதியில் இரண்டாவது முதலாவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளம் இதற்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. 160 சென்ரிமீற்றர் நீட்டிய காலை 120 சென்ரிமீற்றராகக் குறைத்தால், அதே தள்ளலுக்கு அது வளைவது பாதிக்கும் குறைவாகிவிடும். ஆகவே குள்ளமான, தடித்த முக்காலி நெட்டையான மெல்லிய முக்காலியைச் சுலபமாக வென்றுவிடும். எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். குனிந்தோ மண்டியிட்டோ கமராவுக்குள் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் நாம் கொடுக்கும் விலை. திரையைச் சரித்துப் பார்க்கும் வசதி பெரும்பாலான கமராக்களில் வந்துவிட்ட இக்காலத்தில் அந்த விலையும் பாதியாகிவிட்டது.

எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? வெளிநாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகிறது. கிழக்குக் கரையில் அது கச்சான் காலம். மேற்கிலிருந்து, காய்ந்த நிலத்தைக் கடந்து சூடேறி வருகின்ற அந்தக் காற்றைத் திருமலையிலும் மட்டக்களப்பிலும் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மாலையில் உட்துறைமுகக் கரையில் நில்லுங்கள். சூரியன் துறைமுகத்துக்கு அப்பால் மேற்கே இறங்குகிறது. நங்கூரமிட்ட கப்பல்களில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. உலகின் மிகப்பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று உங்கள் முன்னே ஊதா நிறமாகிறது. கச்சானும் அதே திசையிலிருந்து நேராக முகத்தில் அறைகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அவ்வேளையில் 15 விநாடி திறந்து வைத்த படத்தில் கப்பல் விளக்குகள் புள்ளியாக விழாமல் சிறு புழுக்களாக நெளிந்தால், கப்பலைக் குறை சொல்லாதீர்கள்.

நானும் இந்த வலையில் விழுந்தவன்தான். கொழும்பில் ஒரு கடையில் கடைக்காரர் முக்காலியை விரித்து வைத்து, தலையில் உள்ளங்கையை ஊன்றி அழுத்திக் காட்டினார். அசையவில்லை. எப்படி அசையும்? குளிரூட்டிய அறை, வழவழப்பான தரை, மேலிருந்து கீழே ஒரு கை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று யாராவது கேட்டால், கடையில் கீழ்நோக்கி அழுத்த வேண்டாம், தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள் என்கிறேன். பிறகு விரலால் காலை ஒருமுறை சுண்டிவிட்டு, அதிர்வு எப்போது அடங்குகிறது என்று கவனியுங்கள். இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் அது அவருடைய கவலை.

வெளிநாட்டில் வாழ்பவர்கள் மறந்துவிடும் இன்னொன்று அந்தி. இலண்டனின் கோடை அந்தி முக்கால் மணி நேரத்துக்கு நீளும். சாவதானமாகத் தேநீர் குடித்துவிட்டுப் படமெடுக்கலாம். திருகோணமலை பூமத்திய கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் மறைந்து இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக வெளிச்சம் நிற்கும், பிறகு இருள். ஐந்தடுக்கு முக்காலியில் காலுக்கு நான்கு பூட்டுகள், மொத்தம் பன்னிரண்டு. மூன்றடுக்கில் ஆறே ஆறு. பன்னிரண்டு பூட்டுகளையும் திறந்து மூடி, ஒன்று சரியாக இறுகாமல் கால் வழுகி, மறுபடியும் தொடங்குவதற்குள் டச்சுக் குடாவில் அன்றைய வேலை முடிந்திருக்கும்.

"இதெல்லாம் பழைய கதை. இப்போது கமராவுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் பொறி இருக்கிறது. முக்காலியே தேவையில்லை" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்தப் பொறி நல்ல பொறி. அரை விநாடி, ஒரு விநாடி வரை கையில் பிடித்தே எடுக்கிறார்கள், நானும் வியந்திருக்கிறேன். ஆனால் முப்பது விநாடிக்கு அதைக் கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமான குறை ஒன்றுண்டு. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்துப் பல படங்களைக் கை எடுக்காது. 1858ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படம் பிடித்தார். 21 படங்கள். அவற்றை ஒட்டிச் சேர்த்தபோது ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளத்துக்குக் கல்வெட்டு வரிகள் தொடர்ந்து ஓடின. மெழுகிட்ட காகித நெகடிவ், மரப்பெட்டிக் கமரா, மரக் கால்கள். அவருடைய மூட்டை முடிச்சுகளைச் சுமந்த கூலிகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது வேறு வழக்கு. ஒன்றேமுக்கால் கிலோ பாரமென்று முனகுபவர்கள் அவர்களையும் ஒரு கணம் நினைக்கலாம்.

இன்னொரு மறுப்பு என் சக பத்திரிகையாளர்களிடமிருந்து வருகிறது. அதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. "எங்கள் ஊரின் மிக முக்கியமான படங்கள் முக்காலியிலா எடுக்கப்பட்டன?" என்கிறார்கள். இல்லை. 2006 சனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலையை அண்டிய கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்று ஒரு கதை சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அந்த உடல்களில் இருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. கைக்குண்டுக் கதை அத்துடன் நிற்கவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அப்படியான படத்துக்கு முக்காலி எதற்கு? ஒரு கையும், ஒரு கமராவும், அவருக்கிருந்த துணிவும் போதும். இதில் நான் வாதாட வரவில்லை.

ஆனால் அதே கடற்கரையைப் பற்றித்தான் பேசுகிறேன். முக்காலியை விரிப்பவன் பத்து நிமிடம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும்படி நிற்க வேண்டும். போர்க்காலத்தில் நீண்ட துணியுறை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சோதனைச் சாவடியை நெருங்குவது எத்தகைய அனுபவம் என்பதை அன்று இங்கிருந்தவர்களிடம் கேளுங்கள். உறைக்குள் இருப்பது என்னவென்று பார்க்குமுன்னரே துப்பாக்கி நிமிர்ந்துவிடும். ஒரு முறை என் முக்காலியின் ஒவ்வொரு காலையும் கழற்றி உள்ளே பார்த்தார்கள். கடைசிக் காலைத் திருப்பிப் பூட்டும்போது சூரியன் மேலே ஏறிவிட்டது. அந்த ஆண்டுகளில் இந்த ஊரின் விடியல்களை எடுத்தவர்கள் மிகக் குறைவு. உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களை, கோணேசர் மலையின் இராவணன் வெட்டை, கொட்டியாரக் குடாவின் மறுகரை விளக்குகளை நிதானமாக நின்று எடுத்த படங்கள் எங்களிடம் எத்தனை இருக்கின்றன? இன்று காந்தி சிலையருகே முக்காலியை விரித்து வைத்துவிட்டு அலை வருவதற்காகக் காத்திருக்க முடிகிறது. (கடற்படைத் தளத்தின் பக்கம் கமராவைத் திருப்பாமலிருப்பது இன்றைக்கும் புத்தி.) இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த அந்தப் பத்து நிமிடங்களை ஒரு நடுங்கும் குச்சிக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊரிலுள்ள இளைஞர்களுக்கு இது பணப் பிரச்சினையும்கூட. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதியாகும் ஒவ்வொரு திருகாணியின் விலையும் அதோடு ஏறியது. கலியாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கும் ஒரு பையன் மலிவான மெல்லிய முக்காலி ஒன்றை வாங்கி, ஒரு வருடத்தில் அதை எறிந்துவிட்டு, மறுபடி இன்னொன்றை வாங்குவது கட்டுப்படியாகாது. அவனுக்கு நான் சொல்வது: கார்பன் இழைக்கு ஆசைப்படாதே. கார்பன் இலேசு, அதிர்வும் விரைவில் அடங்கும், உண்மைதான். ஆனால் விலை இரட்டிப்பாகும். அலுமினியத்தில் மூன்றடுக்கு, மேற்குழாய் 28 மில்லிமீற்றர், நடுத்தண்டு இல்லாததோ கழற்றக்கூடியதோ ஒன்றை வாங்கு. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பூட்டுகள் இறுகினால் போதும். விமானத்தில் வருபவர்களுக்கோ கைப்பொதிக்கு ஏழு கிலோ என்ற எல்லையைப் பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அவர்கள் அதே அளவில் கார்பனை வாங்கட்டும். தலையோடு சேர்த்து ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் அடங்கும். எடையில் இன்னும் குறைக்க வேண்டுமா? அந்த மூன்றாவது லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. மேசைமேல் வைக்கும் சாண் உயரக் கால் போதும்.

நடுத்தண்டின் கீழேயுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கச்சானில் அப்படிச் செய்தால் பை ஊஞ்சலாடும், முக்காலியும் சேர்ந்து ஆடும். பை தரையைத் தொட்டபடி தொங்க வேண்டும்.

கடைசியாக, உப்பும் மணலும். மெல்லிய கீழடுக்கைக் கடைசியாக நீட்டு என்பது பொது விதி. அலைக்குள் நிற்கும்போது மட்டும் அதை மாற்றிக்கொள்ளுங்கள். கீழடுக்கை முதலில் முழுவதுமாக நீட்டி, பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். கால்களை ஈரமணலில் அழுத்தி ஊன்றி, அடுத்த அலை வந்து போகும்வரை பொறுத்து, அமிழ்ந்தது போக நின்ற நிலையில் சட்டத்தைத் திருத்துங்கள். அறைக்குத் திரும்பியதும் களைப்பாக இருக்கும். உறைக்குள் திணித்துவிட்டுப் படுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். கார்பன் குழாயும் அலுமினியப் பூட்டும் சந்திக்கும் இடத்தில் உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிடும். ஒரு வாளி நன்னீரில் கால்களைக் கழுவி, பூட்டுகளைக் கழற்றி மணலைத் தட்டி, பழைய சாரத் துண்டால் துடைத்து, நீட்டிய நிலையிலேயே சுவரோரம் சாத்தி வையுங்கள். விடியற்காலைக்குள் காய்ந்துவிடும்.