மைதானத்து ஓரத்தில் ஒரு வெறும் கதிரை



சென்ற மாதம் ஒரு தாயார் தனது 13 வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். பிள்ளைக்கு எந்நேரமும் சோர்வு, முழங்கால் நோவு, எடையும் கூடியிருந்தது. "ஏதாவது விற்றமின் எழுதித் தாங்கோ டொக்டர்" என்றார் தாயார். பிள்ளை என்ன விளையாடுகிறாள் என்று கேட்டேன். "போன வருசம் மட்டும் சொஃப்ற்போல் விளையாடினவள். இந்த முறை அவளின்ர வயசுக்கு ரீம் போடேல்லையாம். பழக்க ஆள் கிடைக்கேல்லையெண்டு ஈமெயில் வந்தது."

"நீங்கள் உதவிக்கு வாறனெண்டு சொல்லிப் பார்க்கேல்லையோ?"

"எங்களுக்கு உந்த விளையாட்டு ஒண்டும் தெரியாதே!"

பிள்ளை ஒன்றும் பேசவில்லை, நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். இரும்புச்சத்துக்கான இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவளுடைய வருத்தத்தின் பாதிக்குக் காரணம், மைதானத்து ஓரத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு பெரியவரின் கதிரை என்றே எனக்குத் தோன்றியது.

நானும் அப்படித்தான் இருந்தேன்

மற்றவர்களுக்குப் புத்தி சொல்லுமுன் என் கதையைச் சொல்லிவிட வேண்டும். 2011 இல் என் மகளுக்கு 10 வயது. ஊரில் பெற்ற வைத்தியப் பட்டத்தை இங்கு செல்லுபடியாக்குவதற்காக, நான் மறுபடியும் மருத்துவமனையில் இரவுக் கடமைப் பயிற்சியில் நின்ற காலம். கணவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. மகளை மைதானத்தில் இறக்கிவிட்டு ஓடுவேன். அந்தக் குழுவின் பயிற்றுநர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர். அவருடைய பேத்தி எப்போதோ விளையாடி முடித்துவிட்டாள். ஆனாலும் கிழமைக்கு இரண்டு மாலைகள் வந்து, ஊரார் பிள்ளைகளைப் பழக்கினார். சம்பளம் ஒரு சதமும் இல்லை.

ஒரு நாள் நான் போய்ச்சேர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. இருட்டும் நேரத்தில் அவரும் இன்னொரு தாயும் என் பிள்ளையோடு நின்றிருந்தார்கள். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனியே நிற்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதற்காகவே அந்தத் தாயை மறித்து வைத்திருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வியாழக்கிழமை சந்திப்போம்" என்று மட்டும் சொன்னார்.

காரில் மகள் கேட்டாள்: "அம்மா, எல்லாற்றை அம்மாமாரும் ஒரு நாளாவது தோடம்பழம் வெட்டிக்கொண்டு வந்தவை. நாங்கள் எப்ப?"

அந்தக் கேள்வி சுட்டது. அடுத்த பருவத்தில் முதலுதவிப் பையைப் பொறுப்பெடுத்தேன்.

இது வெறும் விளையாட்டல்ல

உலக சுகாதார ஸ்தாபனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை வருத்தும் அசைவு வேண்டும் என்கிறது. அதன் ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட கணக்கின்படி, 2016 இல் உலகில் 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 100 பேரில் 85 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 பேர். பூப்படையும் வயதில்தான் நம் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டுக் கழன்றுவிடுகிறார்கள். எலும்பின் உறுதியில் பெரும்பகுதி சேருவதும் அதே வயதில்தான். தென்னாசியர்களாகிய எங்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இள வயதிலும், குறைந்த எடையிலுமே வந்துவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

கிழமைக்கு இரண்டு நாள் சொஃப்ற்போல் மட்டும் போதுமா என்றால், போதாது. அதில் நிற்கும் நேரமும் அதிகம். ஆனால் எறிவதும், பாய்ந்து பிடிப்பதும், 60 அடி தூரத்து பேஸுக்கு விழுந்தடித்து ஓடுவதும் எலும்புக்கும் தசைக்கும் நல்லவை. அதைவிட முக்கியம், "நானும் ஒரு ரீமில் இருக்கிறேன்" என்ற எண்ணம். அது உள்ள பிள்ளை மற்ற நாட்களிலும் அசைவாள்.

பாதுகாப்பும் தொண்டர் கையில்தான்

பெயரில்தான் மென்மை இருக்கிறது, பந்து மெதுவானதல்ல. 12 அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்து முகத்தில் பட்டால் எலும்பு உடையும். ஹெல்மெற் சரியாகப் பூட்டியிருக்கிறதா, முகக்காப்பு போட்டிருக்கிறாளா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். கையைக் கீழாகச் சுழற்றி வீசுவதால் தோளுக்குக் கேடில்லை என்பது பழைய நம்பிக்கை. ஒரே பிள்ளையை ஓயாமல் வீசவிட்டால் தோள் நோகத்தான் செய்யும். வீச்சுக்களை எண்ணிப் பயிற்றுநருக்குச் சொல்ல ஒரு பென்சிலும் ஒரு தாயும் போதும்.

தலையில் அடிபட்டால் கதை வேறு. 2013 இல் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி ரக்பி விளையாட்டில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தாள். அவளுடைய பெயரால் ஒன்ராறியோவில் 2018 இல் ரோவன் சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை விளையாட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். வைத்தியர் பார்த்துச் சம்மதிக்கும்வரை திரும்ப முழுமையாக விளையாட விடக்கூடாது. ஆனால் மைதானத்தில் "இன்றைக்குக் காணும், வந்து இரு பிள்ளை" என்று சொல்ல ஒரு பெரியவர் நிற்க வேண்டுமே. சட்டம் தானாக நடந்து மைதானத்துக்கு வராது.

இன்னொன்று, பெண்களுக்குள் பேசவேண்டியது. எங்கள் குழுவின் சீருடையில் வெள்ளைக் காற்சட்டை இருந்தது. மாதவிடாய் நாட்களில் இரண்டு பிள்ளைகள் வராமல் நின்றார்கள். காரணம் ஆண் பயிற்றுநருக்கு விளங்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று தாய்மார் போய்ப் பேசினோம். அடுத்த பருவம் கறுப்புக் காற்சட்டை வந்தது. இதைச் செய்ய விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் நின்றால் போதும்.

ஏன் பின்நிற்கிறோம்?

"நேரமில்லை" என்கிறோம். இரண்டு வேலை செய்யும் குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோயில் திருவிழாவுக்கும், பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்கும் இரவிரவாக நின்று உழைப்பவர்களும் நாங்கள்தானே? எங்களிடம் தொண்டு மனம் குறைவில்லை. அது நம்மவர் மண்டபத்து வாசலோடு நின்றுவிடுகிறது.

"விளையாட்டுத் தெரியாது" என்கிறோம். ஊரில் எல்லே விளையாடாத பள்ளிக்கூடப் பிள்ளை உண்டா? தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடிய தாய்மாருக்கு சொஃப்ற்போல் ஒரு மாலையில் விளங்கிவிடும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகளோடு பழகும் தொண்டர்களிடம் லீக்குகள் பொலிஸ் பதிவுச் சோதனை கேட்கின்றன. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு வெயிலில் நின்ற எங்களுக்கு, பொலிஸ் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். நானும் அந்தப் படிவத்தை இரண்டு மாதம் லாச்சிக்குள் வைத்திருந்தேன். பிறகுதான் துணிந்து போனேன். நாட்டைவிட்டு ஏன் ஓடினாய் என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லை. அகதியாக வந்தது குற்றப் பதிவு அல்ல. அது எங்கள் பிள்ளைகளைக் காப்பதற்கான சோதனை, எங்களை வேட்டையாடுவதற்கல்ல.

சிரமதானம்

1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் முன்பின் அறியாதவர்கள். அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கடனை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்தவருக்குத்தான் கொடுக்கலாம். அந்த பஸ் சாரதி என் பிள்ளைக்குச் செய்ததும் அதே சிரமதானம்தான். அவர் அதை வேறு பெயரால் அழைத்திருப்பார், அவ்வளவே.

எனக்கும் இலாபம் கிடைத்தது. பத்து வருடம் ஒரே தெருவில் இருந்தும் பெயர் தெரியாத அயலவர்களை அறிந்துகொண்டேன். நான்கு சுவருக்குள் இருந்து மனம் சோரும் எங்கள் அம்மம்மாமாருக்கும் அந்த மைதானத்து வாங்கில் இடமுண்டு. உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகள் பட்டம் பெற 40 மணித்தியாலச் சமூகசேவை செய்ய வேண்டும். அண்ணன்மார், அக்காமார் அங்கு ஸ்கோர் எழுதியும் அதைச் சேர்க்கலாம்.

லீக்குகளில் பதிவு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். படிவத்தில் "தொண்டராக உதவ முடியுமா?" என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். மாதம் ஒரு மாலை என்றாலும் எழுதுங்கள்.

அந்த 13 வயதுப் பிள்ளையின் தாயார் போன கிழமை தொலைபேசியில் பேசினார். இரும்புச்சத்து குறைவுதான், மாத்திரை தொடங்கியாகிவிட்டது. லீக்குக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டு பெரியவர்கள் பொறுப்பெடுத்தால் அந்த வயதுக் குழுவை வரும் பருவம் மீண்டும் நடத்தலாம் என்று பதில் வந்ததாம். ஒரு பெயரை அவரே கொடுத்துவிட்டார். மற்றப் பெயர் இன்னும் வரவில்லை.