கண்ணாடி போயிற்று! காமிராவின் வாய் அகன்றது!

கல்யாண வீட்டில் படம் பிடிப்பவர் லென்சைத் திருகிக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். காமிராவில் வட்டமான உலோக வளையம் தெரியும். அதற்கு 'மவுண்ட்' என்று பெயர். காமிராவின் வாய் என்றே சொல்லலாம். எந்த லென்சு பொருந்தும் என்பதை முடிவு செய்வது இந்த வாய்தான்.

ஜப்பான் நாட்டு நிக்கான் கம்பெனி 1959-ம் ஆண்டில் 'எப்' என்ற வாயை அமைத்தது. அகலம் 44 மில்லி மீட்டர். வாயில் இருந்து பிலிம் வரை ஆழம் 46.5 மில்லி மீட்டர்.

ஏன் அவ்வளவு ஆழம்? உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்சில் வரும் காட்சியை மேலே திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்று எழும்பும். அதற்கு இடம் வேண்டாமா?

புதிய காமிராக்களில் கண்ணாடியே இல்லை. காட்சி சிறு மின் திரையில் தெரிகிறது. நிக்கான் 2018-ல் கொண்டு வந்த 'இசட்' வாயின் அகலம் 55 மில்லி மீட்டர். ஆழம் வெறும் 16!

ஓரத்தில் நிற்பவர்

முன்பு அகலக் காட்சி லென்சு கண்ணாடிக்குப் பயந்து எட்டி நின்றது. ஒளியைப் பிலிம் வரை கொண்டு சேர்க்கக் கூடுதல் சில்லுகள் தேவைப்பட்டன. இப்போது பெரிய பின்சில்லைச் சென்சாரின் அருகிலேயே வைக்கலாம். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் மாமாவும் தெளிவாக விழ வழி பிறந்தது. (லென்சு சிறுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதிக ஒளி வாங்கும் லென்சு இன்றும் கனம்தான்!)

பழைய லென்சு என்ன ஆகும்?

கேனான் கம்பெனி 1987-ல் வாயை மாற்றியது. பழைய ஆழம் 42; புதியது 44. இரண்டே மில்லி மீட்டர் வித்தியாசம்! ஆனாலும், வெறும் குழாயைப் பொருத்திப் பழைய லென்சைப் போட்டால் தூரத்துக் காட்சி தெளியாது. காசு போட்டு வாங்கியவர்கள் கோபப்பட்டதில் வியப்பு என்ன?

ஆழம் குறைந்த இன்றைய காமிராவில் அதே லென்சுகள் பிழைத்துக்கொண்டன. நடுவே ஒரு குழாய் வைத்தால் போதும். கையால்தான் திருக வேண்டும்.

வாய்க்குப் பூட்டு

வாயின் மின் இணைப்பு ரகசியத்தைக் கம்பெனி மூடி வைத்தால், மற்றவர்கள் மலிவாக லென்சு செய்வது கடினம். சோனி தன் வாயின் அடிப்படை விவரங்களை 2011-ல் பிற கம்பெனிகளுக்கு இலவசமாகத் தந்தது. லென்சுகள் குவிந்தன. கேனான் தன் 2018 வாய்க்கு அப்படிச் செய்யவில்லை. 2024-ல்தான் சிக்மா, டாம்ரான் கம்பெனிகள் அதன் அனுமதியுடன் லென்சுகளை அறிவித்தன. அவையும் சிறிய சென்சார் காமிராவுக்கானவை.