பூனைக்கு ஏது விரதம்?

"பூனைக்கென்ன சார், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்றார் பக்கத்து வீட்டு நண்பர். கும்பகோணத்தில் மைத்துனி கல்யாணம். நாலு நாள் பயணம். கையில் பெட்டியுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே சமையலறைத் தரையில் ஒரு தட்டு நிறையப் பால் சாதம். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில், நடக்கப்போவது தெரியாமல், சுந்தரி.

சுந்தரியை எங்கள் மாடியில் எல்லோரும் அறிவார்கள். ஆறு கிலோவுக்குக் குறையாத சரீரம். படிக்கட்டில் அவள் படுத்திருந்தால் நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். "இவளுக்கு நாலு நாள் ஒன்றும் போடாவிட்டாலும் பாதகமில்லை. சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பே போதும்" என்று நண்பரின் மனைவி சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் இரவு சுவருக்கு அந்தப் பக்கம் சுந்தரி கத்தினாள். நான் தொடர்கதையின் அத்தியாயம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரயிலடியில் தனியாக நின்று கண்ணீர் விடும் கட்டம். இல்லாத பெண்ணின் கண்ணீரில் மூழ்கியிருந்தவனுக்கு, இருக்கிற பூனையின் குரல் தொந்தரவாகப் பட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மூன்றாம் நாள் சத்தம் இல்லை. 'சமாதானமாகிவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர் திரும்பி வந்தபோது பால் சாதம் புளித்துக் காய்ந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தது. அவசரமாக மீன் வாங்கி வந்து வைத்தார்கள். சுந்தரி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விட்டுவிட்டுப் போனோமே என்று கோபம், தணிந்துவிடும்" என்றார் நண்பர். இன்னும் இரண்டு நாள் போயிற்று. கோபம் தணியவில்லை, கண்ணின் வெண்மை மஞ்சளாகியது.

மிருக வைத்தியர் சொன்ன விஷயம் எங்கள் எல்லோருடைய சிரிப்புக்கும் பதிலாக இருந்தது. வெளியிலிருந்து உணவு வராதபோது உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்தப் பாரத்தைச் சமாளிக்கும் திறமை போதாது. கொழுப்பு அங்கேயே தேங்குகிறது, காமாலை காண்கிறது, குமட்டல் எடுக்கிறது, பிறகு அமிர்தத்தையே கொண்டுவந்து வைத்தாலும் பூனை தொடாது. பட்டினியே மேலும் பட்டினியை வளர்க்கிறது. இதில் அதிக அபாயம் யாருக்கு? கொழுத்த பூனைக்குத்தான். 'சேர்த்து வைத்த கொழுப்பே போதும்' என்று எதை நம்பினோமோ, அதுவே யமனாக வந்து நின்றது.

இதைச் சொன்னால் நம்மவர்கள் சும்மா இருப்பதில்லை. நாலு விதமான வாதங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பசித்தால் எலி பிடித்துத் தின்னட்டுமே!" என்பது முதல் வாதம். முற்றமும் கொல்லையும் பரணும் உள்ள ஓட்டு வீட்டில் இதற்கு அர்த்தம் இருந்தது. அந்தப் பூனை ஒரு வீட்டில் பால் குடித்து, இன்னொரு வீட்டில் மீன் தலை வாங்கி, மூன்றாவது வீட்டில் எலியும் பிடிக்கும். இன்று பூனை இருப்பதோ மூன்றாம் மாடியில். ஜன்னலெல்லாம் கொசு வலை. கதவுக்கு இரட்டைப் பூட்டு. அங்கே எலி எங்கிருந்து வரும்? வந்தால் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடுவார்! தவிர, பட்டினி போட்டால்தான் பூனை வேட்டையாடும் என்பதே தப்பு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அது அதன் சுபாவம்.

இரண்டாவது வாதம்: "புலி ஒரு தடவை சாப்பிட்டால் நாலைந்து நாள் தாங்குகிறதே, பூனையும் அதே ஜாதிதானே?" ஜாதி ஒன்றுதான், இலை வேறு. புலி அடிப்பது மானை. பூனை பிடிப்பது சுண்டெலியை. ஒரு சுண்டெலியில் கிடைப்பது ஏறக்குறைய 30 கலோரி. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200-லிருந்து 250 கலோரி வரை தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் ஏழெட்டு எலி. தன் போக்கில் திரியும் பூனை பகலும் இரவுமாகப் பல வேளை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறது. அதன் சின்ன வயிறு அதற்காகவே அமைந்தது.

மூன்றாவது வாதத்தைச் சொல்பவர்கள் பக்திமான்கள். "விரதம் உடம்புக்கு நல்லதுதானே? நாங்கள் ஏகாதசி இருக்கவில்லையா?" இருங்கள், சந்தோஷம். ஆனால் ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி என்பது உங்களுக்குத் தெரியும். நடு இரவில் தாளாவிட்டால் எழுந்து பால் காய்ச்சிக் குடிக்க உங்களுக்குக் கை இருக்கிறது. பூனைக்குப் பஞ்சாங்கமும் தெரியாது. பூட்டிய கதவைத் திறக்கவும் தெரியாது. தானாக ஏற்பது விரதம். பிறர் ஏற்றுவதற்குப் பட்டினி என்றுதான் பெயர்.

நாலாவது வாதக்காரர் படித்தவர். "2020-ல் கனடாவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. தினம் ஒரே வேளை சாப்பிட்ட பூனைகள் அதிகத் திருப்தியாக இருந்தன என்று கண்டார்கள்" என்கிறார். உண்மைதான். கெல்ப் சர்வகலாசாலையில் நடந்தது. எட்டு ஆரோக்கியமான பூனைகள். ஆனால் ஐயா, அது நாள் தவறாமல் ஒரு வேளை, நிறைவாக! நாலு நாளைக்கு ஒரு தட்டு அல்ல. ஆராய்ச்சியின் பாதியை மட்டும் படித்துவிட்டுக் கதவைப் பூட்டாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? வளர்ந்த, நோயில்லாத பூனைக்கு இரண்டு வேளைக்கு நடுவில் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கஷ்டமில்லாமல் போகும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பது நல்ல ஏற்பாடு. குட்டிக்கு இது போதாது. மூன்று நாலு வேளை வேண்டும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லையென்றால் 'கோபம்' என்று வியாக்கியானம் செய்யாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால் சாதம் நமக்குச் சாதம். பூனைக்கு அது ஆகாரமே அல்ல. பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. மாமிசத்திலும் மீனிலும் உள்ள 'டாரின்' என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணின் விழித்திரை கெடும் என்று 1975-லும், இருதயம் பலவீனப்படும் என்று 1987-லும் விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் ஜீரணமாவதில்லை. வீட்டில் மீன் கூடாது என்பவர்களுக்கு அந்தச் சத்தைச் சேர்த்த தீனி கடையில் கிடைக்கிறது. அதையும் தொடமாட்டோம் என்றால், தயவு செய்து பூனை வளர்க்காதீர்கள். கிளியும் வேண்டாம், துளசிச் செடி போதும்.

இதெல்லாம் கருணை சம்பந்தப்பட்ட விஷயம், அவரவர் இஷ்டம் என்று நினைக்க வேண்டாம். வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் தராமலிருப்பது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்காக ராஜ்ய சபையில் வாதாடியவர் நம் சென்னையில் கலாக்ஷேத்திரத்தை உண்டாக்கிய ருக்மிணி தேவி. சட்டம் வந்தபோது முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய். அபராதத்துக்குப் பயந்து யாரும் பூனைக்குச் சோறு வைக்கப்போவதில்லை. ஆனால் இதைக் குற்றம் என்று சொல்ல ஒரு தேசம் துணிந்ததே, அதற்காகவாவது நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வெளியூர் போகிறவர் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வேளை தவறாமல் தீனி கொட்டும் யந்திரங்கள் வந்துவிட்டன, வாங்குங்கள். ஆனால் கொட்டிய தீனியைப் பூனை தின்றதா என்று பார்க்க யந்திரத்துக்குக் கண் கிடையாது. தினம் ஒரு மனிதர் உள்ளே போய்த் தட்டையும் பார்க்க வேண்டும், பூனையையும் பார்க்க வேண்டும்.

சுந்தரி பிழைத்தாள். கழுத்தில் குழாய் போட்டு, வாரக்கணக்கில் அதன் வழியாக ஆகாரம் செலுத்தினார்கள். பாதி உடம்பாகி வீட்டுக்கு வந்தாள். இப்போது நண்பர் ஊருக்குப் போனால் சாவி என்னிடம் வருகிறது. இரண்டு வேளையும் நான்தான் போகிறேன். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. தட்டை வைத்ததும் சாப்பிடுகிறாள். காலியான தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் அத்தியாயத்தைத் தொடர்கிறேன். ஜன்னலை இப்போது சாத்துவதில்லை.