உணர்ந்தது போதும், எண்ணுங்கள்

ஒரு அரிய காட்டுச்செடியின் எண்ணிக்கை எப்படிக் கூடும், எப்படிக் குறையும் என்ற கணக்கை நண்பர் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தினார். "என்னய்யா, பூவுக்குப் போய் மேட்ரிக்ஸ் போடுறாங்க? அதை உணரணும், எண்ணக் கூடாது." நம் இலக்கிய வட்டத்தில் இந்த வசனத்துக்குக் கைதட்டல் நிச்சயம். எனக்கு இதோடு சண்டை இருக்கிறது.

செடியின் பெயர் ஃபர்பிஷ் லௌஸ்வொர்ட். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் அதை ஒட்டிய கனடாவிலும் ஓடும் செயின்ட் ஜான் ஆற்றங்கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1880-ல் கேட் ஃபர்பிஷ் என்ற தாவர ஓவியர் கண்டெடுத்தார். பிறகு அழிந்தேபோனது என்று நினைத்திருந்தார்கள். ஆற்றில் பெரிய அணை கட்டத் திட்டமிட்டு நடந்த ஆய்வில், 1976-ல், மறுபடி கண்ணில் பட்டது.

உணர்வை மட்டும் நம்புகிறவர் என்ன செய்வார்? செடியைச் சுற்றி வேலி போடுவார். கரை சரியாமல் கல் பதிப்பார். செடி செத்துப்போகும்.

எரிக் மெங்கஸ் என்ற சூழலியலாளர் 1980களில் அந்தக் கரையில் வேறு வேலை பார்த்தார். நாற்று, பூக்காத செடி, பூத்த செடி என்று நிலைவாரியாகப் பிரித்து வருடாவருடம் பின்தொடர்ந்தார். எத்தனை செத்தன? எத்தனை அடுத்த நிலைக்குப் போயின? பூத்தவை எத்தனை நாற்று தந்தன? பிளஸ் டூவில் படித்து மறந்தோமே, அதே அணிகள்தான். இந்த எண்களை அதில் அடுக்கினால் ஒரு வளர்ச்சி விகிதம் வரும். ஒன்றுக்கு மேலே என்றால் கூட்டம் பெருகுகிறது, கீழே என்றால் தேய்கிறது. நல்ல வருடம், கெட்ட வருடம், பேரழிவு வருடம் எல்லாவற்றையும் குலுக்கிப்போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டினால், நூறு வருடத்தில் அது மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு என்பதும் தெரியும்.

1990-ல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து புரிவது இதுதான்: தனிக்கூட்டம் எதுவும் நிரந்தரமில்லை. வசந்தத்தில் உடைந்து வரும் பனிப்பாளங்கள் கரையைச் சுரண்டும்போது செடிகளும் போகும். சுரண்டாமல் விட்டாலோ ஆல்டர் புதர் மண்டி, நிழலிலேயே சாகும். கொல்கிற ஆறுதான் அடுத்த தலைமுறைக்கு வெட்டவெளி தருகிறது. பழைய கூட்டங்கள் அழியும் வேகத்தில் புதியவை முளைக்கும்வரைதான் இனம் பிழைக்கும். அப்படியென்றால், இன்று ஒரு செடிகூட இல்லாத வெறுங்கரையையும் காப்பாற்ற வேண்டும். ஆற்றின் மூர்க்கத்தையும்தான். அணை வந்திருந்தால் மூழ்காமல் தப்பியவையும் வெள்ளம் அடங்கிய கரையில் புதருக்கடியில் முடிந்திருக்கும். நல்லவேளை, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கணக்கு ஜோசியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சில வருடத் தரவை வைத்து நூறு வருடத்தைப் பேசுவது ஆபத்து. குளிர்காலம் சூடேறி, பனி உடையும் விதமே மாறினால் பழைய அணி பொய்த்துவிடும். ஆனால் எந்த எண் பொய்த்தது என்று தேடித் திருத்த முடியும். இரங்கல் கவிதையை எப்படித் திருத்துவது?

மண்டியிட்டு ஒவ்வொரு நாற்றாக எண்ணி, அடுத்த வருடமும் போய் அது இருக்கிறதா என்று பார்த்தவருக்கா உணர்ச்சி இல்லை? நண்பரே, நீங்கள் பாடிய எந்தப் பூவையாவது இரண்டாவது தடவை போய்ப் பார்த்ததுண்டா?