இங்கிலாந்துல கவுன்சிலருக்கு ஓட்டு, மண்ணாடிப்பட்டுல?

கொஞ்சம் நீளமான இழை. பிரிட்டிஷ் எலெக்‌ஷன்ல ஆரம்பிச்சு நம்ம ஊர் வாய்க்காலுக்கு வந்து சேரும். பொறுமை இருக்கறவங்க வாங்க.

எங்க எம்பிபிஎஸ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல கணிசமான பேர் இப்போ இங்கிலாந்துல இருக்காங்க. 2024 ஜூன் 4 வரைக்கும் நம்ம லோக்சபா ரிசல்ட் பேசிட்டு இருந்தவங்க, அதுக்கப்புறம் ஜூலை 4 அவங்க ஊர் தேர்தலுக்குத் தாவிட்டாங்க. மே 22 அன்னைக்கு ரிஷி சுனக் கொட்டற மழையில குடை இல்லாம நின்னு தேர்தல் அறிவிச்சாரே, அந்த வீடியோவுக்கு மட்டும் எத்தனை மீம்னு எண்ணி மாளல. "சளி பிடிச்சா இவருக்காவது ஜிபி அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குமா?"ன்னு ஒருத்தன். "அவங்க அப்பாவே ஜிபிதான்டா"ன்னு இன்னொருத்தன்.

அவங்க தேர்தல் நடக்கற விதம் நமக்கு வேடிக்கையா இருக்கும். வியாழக்கிழமை ஓட்டு, ஆனா லீவு கிடையாது. காலை 7-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும். மிஷின் இல்ல, பேப்பர்ல பென்சிலால பெருக்கல் குறி. விரல்ல மை வைக்க மாட்டாங்க. ராத்திரி 10 மணிக்கு மூடினதும் எண்ண ஆரம்பிச்சா, விடியறதுக்குள்ள யாரு ஆட்சின்னு ஏறக்குறையத் தெரிஞ்சிடும். நாம புதுச்சேரியில ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. எண்ணினது ஜூன் 4. இடையில 46 நாள். ஆபரேஷன் தையல் பிரிச்சு, ஆளு வயல் வேலைக்கே திரும்பிடலாம்.

ஒரு நாள் ஒருத்தன் "வெள்ளிக்கிழமை எங்க எம்பி சர்ஜரி இருக்கு, போகணும்"னு போட்டான். பித்தப்பையா ஹெர்னியாவான்னு கேட்டுட்டேன். எம்பி தொகுதி மக்களை நேர்ல உட்கார்ந்து பார்க்கற நேரத்துக்கு அங்க பேரே சர்ஜரியாம். முன்கூட்டி நேரம் வாங்கிட்டுப் போய் வீட்டு வாடகைப் பிரச்சினை, விசாப் பிரச்சினை எல்லாம் சொல்லலாம். நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கல்யாண வீட்டு வாசல்ல மனு கொடுக்கறது.

எல்லாரும் பேசறது என்ஹெச்எஸ் பத்திதான். திட்டமிட்ட சிகிச்சைக்கு 18 வாரத்துக்குள்ள கூப்பிடணும்ங்கறது அவங்க விதி. 2024-ல இங்கிலாந்துல மட்டும் காத்திருப்புப் பட்டியல்ல சுமார் 75 லட்சம் கேஸ் நின்னுச்சு. ஜூனியர் டாக்டருங்க ஜூன் 27-ல இருந்து தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் ஸ்ட்ரைக் அறிவிச்சாங்க. இங்க ஓபியில முக்கால் மணி நேரம் உட்கார வெச்சதுக்கே ஒரு ஆயா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டாங்க. அவங்க திட்டினதும் நியாயம்தான், முட்டி வலியோட மர பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தா தெரியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் பேட்ச்மேட் ஒருத்தி, பாகூர் கொம்யூன் பொண்ணு. போன வருஷம்தான் வேலை கிடைச்சு அங்க போனா. "நானும் ஓட்டுப் போடறேன்"னு சொன்னா. குரூப்ல பாதிப் பேரு நம்பல. உண்மைதான். இந்தியா, இலங்கை, மலேசியா மாதிரி காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோட பிரிட்டன்ல வசிச்சாலே போதும், பாராளுமன்றத்துக்கே ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டாம். நர்ஸ், கேர் வேலைக்குப் போனவங்க, படிக்கப் போனவங்க எல்லாருக்கும் இது உண்டு. சாம்ராஜ்யக் காலத்து மிச்சம். எடுத்துட்டுப் போனதுல இதையாவது திருப்பித் தர்றாங்களேன்னு வெச்சுக்கலாம்.

ஆனா அவளே இந்தியத் தேர்தல்ல ஓட்டுப் போடணும்னா? வெளிநாட்டு வாக்காளரா 6ஏ படிவத்துல பதிவு பண்ணிட்டு, பாஸ்போர்ட்டோட பாகூருக்கே நேர்ல வந்து நிக்கணும். தபால் ஓட்டு கிடையாது. ஒரு ஓட்டுக்கு யாரு விமான டிக்கெட் போடுவா?

இதுல நம்ம பாண்டிச்சேரிக்கே உரிய ஒரு கூத்து இருக்கு. பிரெஞ்சு பாஸ்போர்ட் வெச்சிருக்கற நம்ம ஆளுங்க லண்டன்லயும் இருக்காங்க. அவங்க பல வருஷம் அங்க இருந்தாலும் அந்தத் தேர்தல்ல ஓட்டு இல்ல. ஆனா 2024 ஜூன் 30, ஜூலை 7 பிரான்ஸ் பாராளுமன்றத் தேர்தல்ல லண்டன்ல இருந்தபடியே ஓட்டு இருந்துச்சு. புதுச்சேரியில இருக்கற பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் இங்கேயே இருந்துச்சு. ஆக, ஒரே குடும்பத்துல பெரியப்பா பையன் மக்ரோனை எதிர்த்தும், சித்தப்பா பொண்ணு சுனக்கை எதிர்த்தும் ஓட்டுப் போட முடிஞ்சது.

அந்த பாகூர் பொண்ணு சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்த இழைக்கே காரணம். மே 2-ஆம் தேதி அவ இருக்கற ஊர்ல கவுன்சில் தேர்தல் நடந்துச்சு. அதுலயும் போட்டாளாம். குப்பை எந்தக் கிழமை எடுக்கணும், ரோட்டுப் பள்ளம், பார்க் விளக்கு, இதுக்குத்தான் வீடு வீடா வந்து ஓட்டுக் கேட்டாங்களாம். "லைஃப்ல முதல் தடவையா ஒரு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டேன்டா"ன்னா.

யோசிச்சுப் பார்த்தா எனக்கும் அதேதான், ஆனா எனக்கு அந்த முதல் தடவைகூட இல்ல. 2024-ல வயசு 35. எம்எல்ஏ, எம்பிக்குப் போட்டிருக்கேன். வார்டு உறுப்பினருக்கு ஒரு தடவைகூட இல்ல. புதுச்சேரியில உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்துச்சு. அடுத்தது 38 வருஷம் கழிச்சு 2006-ல. அப்போ எனக்கு 17. அவங்க பதவிக்காலம் 2011-ல முடிஞ்சது. 2021-ல தேதி அறிவிச்சாங்க, இடஒதுக்கீட்டு வழக்கோட அது நின்னு போச்சு. 2024-லயும் அதே நிலைதான். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம், எந்தக் கொம்யூன்லயும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருத்தர்கூட இருக்கல.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தறது கீழூர். 1954 அக்டோபர் 18, பிரெஞ்சு இந்தியா இந்தியாவோட சேரணுமான்னு அங்கதான் ஓட்டெடுப்பு. மொத்தம் 178 பேர், சேரணும்னு 170, வேண்டாம்னு 8. அந்த 178 பேர் யாரு? பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்களும்தான். உள்ளாட்சிப் பிரதிநிதிங்க கை வெச்சு நாம இந்தியாவுக்குள்ள வந்தோம். 2024-ல அந்த மாதிரி ஓட்டெடுப்பு வெச்சிருந்தா, கொம்யூன்ல இருந்து கூப்பிட ஒரு ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்க.

டாக்டருக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. மழை நின்னு ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் கேஸ் வரிசை கட்டும். டெங்குன்னா நான் என்ன பண்ண முடியும்? ரத்தம் பார்ப்பேன், தண்ணி ஏத்துவேன், வயித்து வலி வாந்தி ஜாஸ்தியானா ராத்திரியே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன். கொசு வளர்ற இடம் சிமென்ட் தொட்டி, தேங்காய் ஓடு, பழைய டயர், ஆட்டுக்கல் குழி. அதைத் தெருத்தெருவா யாராவது கவிழ்க்கணும். வயித்துப்போக்குன்னா குடிதண்ணிக் குழாய் வாய்க்கால் ஓரமா எங்க உடைஞ்சிருக்குன்னு அந்தத் தெருக்காரங்களுக்குத்தான் தெரியும். ஒரே தெருவுல இருந்து நாலு பேர் வந்தா எனக்கும் தெரியும். அதை யாருகிட்ட சொல்றது? அதிகாரிங்களைக் குறை சொல்லல. நல்ல அதிகாரிக்கும் டிரான்ஸ்ஃபர் வந்துடும். வார்டு மெம்பருக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது. டீக்கடையில பிடிச்சுக் கேக்கலாம், அவர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே தண்ணிதான்.

"எலெக்‌ஷன் வந்தா சாதியும் காசும்தான் வரும் டாக்டர்"னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். வரும்தான். எம்எல்ஏ எலெக்‌ஷன்ல மட்டும் வராமலா இருக்கு? அதை நிறுத்திட்டோமா? ஏப்ரல்ல கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் வெயில்ல நின்னு ஓட்டுப் போட்ட ஊர் இது. 2019 பிரிட்டிஷ் தேர்தல்ல 67தான். நமக்கு ஓட்டுப் போட ஆசை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. நான் அரசு ஊழியன், கட்சி பேச மாட்டேன். தேர்தல் நடத்துங்கன்னு கேக்கறது கட்சி இல்ல.

கடைசியா ஒரு வேலை. உங்க வீட்டுப் பொண்ணோ பையனோ பிரிட்டன்ல இருந்தா இதை அனுப்புங்க. 2024 தேர்தலுக்கு வாக்காளராப் பதிவு பண்ண ஜூன் 18, செவ்வாய்க்கிழமை நள்ளிரவுதான் கடைசியா இருந்துச்சு. ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கையில வெச்சுக்கணும். பொதுத்தேர்தல்ல போட்டோ அடையாளம் கேட்டது 2024-லதான் முதல் தடவை. நம்ம இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும், கூச்சப்படாம எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.