பேய்க்கதை எழுதலாம் வாங்க!



பேய்க்கதை என்றாலே உங்களுக்குக் கொண்டாட்டம்தானே? கேட்பதோடு நிற்காமல், நீங்களே எழுதியும் பாருங்கள்.

1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதிலிருந்து எழுந்த கந்தக வாயுவால் உண்டான மெல்லிய திரை வானில் பரவி வெயிலைக் குறைத்ததால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே குளிரும் மழையுமாகக் கழிந்தது. அப்போது ஜெனீவா ஏரிக்கரையில், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதச் சொன்னார் கவிஞர் பைரன். அவரது கதையே பாதியில் நின்றுபோனது! பின்னாளில் மேரி ஷெல்லி எனப் புகழ்பெற்ற 18 வயதுப் பெண்ணுக்கோ, பல நாள் எதுவுமே தோன்றவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. அவர் எழுதிய 'பிராங்கன்ஸ்டைன்' 1818-ல் நூலாக வந்தது. உலகம் இன்றும் அதைப் படிக்கிறது.

இன்று உங்கள் வகுப்பு எழுதும் கதைகளை, ஆசிரியர் உதவியுடன் இணையம் வழியாக வேறு ஊர் வகுப்புக்கு நொடியில் அனுப்பலாம். அவர்கள் எங்கே பயந்தார்கள், எங்கே சிரித்தார்கள் என்று கேட்டுத் திருத்தி எழுதலாம்.

ஆனால் ஒன்று. 'இது கற்பனைக் கதை' என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். 'எங்கள் ஊரில் உண்மையாக நடந்தது' என்று அனுப்பினால், அது கதை அல்ல, வதந்தி! அதை நம்பி இரவெல்லாம் தூங்காமல் அழப்போவது யாரோ ஒரு வீட்டுத் தம்பியோ, தங்கையோதான். கூடப் படிப்பவரைப் பேயாக்கிக் கேலி செய்வதும் வேண்டாம். முகவரி, தொலைபேசி எண் எதையும் கதையோடு அனுப்பாதீர்கள்.

எங்கே, பேனாவை எடுங்கள் பார்க்கலாம்!